செயலியை (பிராசசரை) மாற்றிய பின் விஆர் (மெய்நிகர் உண்மை) விமான சிமுலேட்டர் திணறுகிறது: உதவி தேவை

வணக்கம். செங்கோட்டையில் வசிக்கும் நான், சென்ற வாரம் ஆறு கோர் செயலியை எடுத்துவிட்டுப் பதினாறு கோர் செயலியைப் பொருத்தினேன்; மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவை பழையவையே. மானிட்டரில் சிமுலேட்டர் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. ஆனால், விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தின் 32ஆம் ஓடுபாதையில் இறங்கும்போது தலையை இடப்பக்கம் திருப்பினால், கடற்கரை விட்டுவிட்டு நகர்கிறது. உயரமானியின் முள் இரண்டாகத் தெரிகிறது.

90 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு (திரையில் தோன்றும் ஒரு படத்துக்கு) 11.1 மில்லிசெகண்டே கிடைக்கும் நிலையில், செயலி 20க்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒரு கோர் மட்டும் முழுச் சுமையில் திணற, மற்றவை சும்மா கிடக்கின்றன. பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தபோது ரேம் வேகம் 3200இலிருந்து 2133க்கு இறங்கியிருந்ததைக் கண்டு ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை மீண்டும் இயக்கினேன்; சற்றே முன்னேற்றம். வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை (இந்தச் சாரலில் தாண்டினால்தான் வியப்பு).

புனலூர்க் கடைக்காரர் விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்கிறார். எனக்கோ, கோர்கள் எட்டெட்டாக இரு சில்லுகளில் பிரிந்திருப்பதால் வேலை அவற்றிடையே அலைகிறதோ என்ற ஐயம். சிமுலேட்டரை ஒரே சில்லின் எட்டு கோர்களுக்குள் கட்டுப்படுத்திப் பார்த்தவர்கள் இருந்தால், அதனால் பயன் கிடைத்ததா என்றும், அதை பயாஸில் செய்வதா விண்டோஸில் செய்வதா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.