புதுப்பிப்பு: லேடரில் வேகம், கோர்ட்டில் தடுமாற்றம் (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வி இதுதான்: பாஸ்கெட்பால் ஆடுற 13, 14 வயசுப் பசங்க அஜிலிட்டி லேடரில் (தரையில் விரிச்ச ஏணிக் கட்டங்களுக்குள்ள வேகமா கால் வச்சு ஓடுற பயிற்சி) பறக்கிறாங்க, ஆனா டிஃபென்ஸில் திசை மாத்தும்போது ரெண்டு மூணு அடி கூடுதலா ஓடித்தான் நிக்கிறாங்க.

வேலை செஞ்சது, "முதல்ல பிரேக் பிடிக்கக் கத்துக்கொடுங்க"ன்னு வந்த யோசனை. லேடரை வார்ம்-அப்பில் 3 நிமிஷத்தோட நிறுத்தியாச்சு. பேஸ்லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால இருக்கிற எல்லைக்கோடு) ஃப்ரீ த்ரோ கோடு வரை, 5.8 மீட்டர், முழு வேகத்தில் ஓடி கோட்டிலேயே நிக்கணும். கடைசிக்கு முந்தின அடியிலேயே இடுப்பு இறங்கணும். கடைசி அடியில் மட்டும் பிரேக் போட்டா முட்டி உள்பக்கம் மடங்கும், மார்பு முன்னால சாயும். வாரம் 2 நாள், 6 தடவை, நடுவில் 45 விநாடி ஓய்வு. அவசரப்பட்டு ஓய்வைக் குறைச்சா அது ஸ்டாமினா பயிற்சி ஆயிடும். மூணாவது வாரத்திலிருந்து, கோச் கை காட்டுற பக்கம் திரும்பி ஓடுறதையும் சேர்த்தாச்சு. ஆறாவது வாரத்தில் பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கூடுதல் அடி போயிடுச்சு.

எதிர்பாராதது: சறுக்கலில் பாதி தரைத் தூசியால. சிமென்ட் கோர்ட்டைப் பெருக்கி, ஷூ அடியை ஈரத்துணியால துடைச்சதும் அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சது. இன்னொன்னு, இடக்காலை ஊன்றித் திரும்புறதில்தான் பலரும் திணறினாங்க. அந்தப் பக்கத்துக்கு மட்டும் 2 தடவை கூடுதல்.