விதைத்தவன் தூங்கலாமா? மாற்கு 4:26–29 பற்றி ஒரு விவாதம்

தக்கலைக்காரர்:
போன ஞாயிறு எங்கள் சபையில் மாற்கு சுவிசேஷம் 4:26–29 பிரசங்கம், இயேசு சொன்ன ஓர் உவமை. ஒருவன் விதைக்கிறான், இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான். அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது. விளைந்ததும் அறுக்க ஆள் அனுப்புகிறான். "விசுவாசமும் இப்படித்தான், பிள்ளைகளை நெருக்காதீர்கள், தேவன் வளர்ப்பார்" என்று முடித்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திடப்படுத்தல் (சபையில் முழு அங்கமாகச் சேரும் சடங்கு) முடிந்து கொச்சிக்கும் பெங்களூருக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அப்புறம் சபைப்பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்? லூக்கா 13-இல் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்னபோது தோட்டக்காரன், இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான். அதுதான் நம் வேலை. தூக்கம் இல்லை.

மார்த்தாண்டம் டீச்சர்:
அண்ணே, அத்திமரத்துக்கு முந்தின வசனங்களைப் பாருங்கள். மனந்திரும்புங்கள் என்று பெரியவர்களிடம் சொல்லும்போது வந்த கதை அது. தேவன் இன்னும் எவ்வளவு காலம் பொறுப்பார் என்பது அங்கே கேள்வி. மாற்கில் கேள்வியே வேறு: வளரச் செய்வது யார்? நம்மூரில் ரப்பர் வைத்த எல்லாருக்கும் தெரியும், ஒட்டுக்கன்று 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு வருமுன் பால் வெட்டினால் மரம் கெட்டுவிடும். அதற்காக ஏழு வருஷம் போல் பொறுக்கிறோம். பிள்ளையிடம் மட்டும் பதினைந்து வயதிலேயே பால் கேட்கிறோம்.

நாஞ்சில் வயல்காரர்:
டீச்சர், அந்த ஏழு வருஷமும் யாராவது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்களா? மண்டுகிற களைக்காட்டை வெட்டணும், உரம் வைக்கணும். எனக்கு வயல். எங்கள் இரண்டு நெல் போகங்களான கன்னிப்பூ ஆனாலும் கும்பப்பூ ஆனாலும் நட்ட நாள் முதல் நிம்மதியான தூக்கம் கிடையாது. பேச்சிப்பாறைத் தண்ணீர் நடு ராத்திரி வந்தாலும் மண்வெட்டியோடு போய் மடை திறக்க வேண்டும். விதைத்துவிட்டுப் படுத்தவன் களையைத்தான் அறுப்பான்.

களியக்காவிளை தம்பி:
ஐயா, 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை மனதில் வைத்து இந்த உவமையை வாசித்தால் சரிவராது. இயேசு இதைச் சொன்னது கலிலேயாக் கடலோரத்தில். அங்கே கோதுமையும் வாற்கோதுமையும் மானாவாரிப் பயிர். முன்மாரி பெய்ததும் விதைப்பார்கள், பின்மாரி முடிந்து ஏப்ரல், மே வாக்கில் அறுப்பு. மடை இல்லை, முறைத்தண்ணீர் இல்லை. உபாகமம் 11 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: எகிப்தில் காலால் நீர் பாய்ச்சினீர்கள், நீங்கள் போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம். மழை தன் கையில் இல்லை என்று தெரிந்தும் அந்த விவசாயி படுத்துத் தூங்குகிறானே, அதுதான் விசுவாசம். சோம்பல் என்று சொல்ல முடியாது. விதைத்தவன் அவன், கதிர் விளைந்தவுடனே ஆள் அனுப்பியதும் அவன்.

இன்னொன்று. நீங்கள் எல்லோரும் இதைப் பிள்ளை வளர்ப்புப் பாடமாக்கிவிட்டீர்கள். உவமை தொடங்குவதே "தேவனுடைய ராஜ்யம்" என்றுதான். மாற்கில் மட்டும் இருக்கிற உவமை இது, மத்தேயுவிலும் லூக்காவிலும் கிடையாது. அடுத்தே கடுகு விதை வருகிறது. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சீஷர்கள், எதிரே ரோம சாம்ராஜ்யம். இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று தளர்ந்தவர்களுக்குச் சொன்ன பதிலாகத்தான் நான் இதை வாசிக்கிறேன்.

தக்கலைக்காரர்:
மானாவாரி விளக்கம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் அதே நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தில் என்ன இருக்கிறது? வழியருகே விழுந்ததைப் பறவை தின்றது, கற்பாறையில் விழுந்தது கருகியது, முள்ளுக்குள் விழுந்ததை முள் நெருக்கியது. விதை எங்கே விழுந்தாலும் வளர்ந்துவிடும் என்று இயேசு சொல்லவே இல்லை. உலகக் கவலையும் ஐசுவரிய மயக்கமும்தான் முள் என்று அவரே விளக்குகிறார். என் பிள்ளையைச் சுற்றி அந்த முள் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவேன்?

மார்த்தாண்டம் டீச்சர்:
உங்கள் வேதனை புரிகிறது அண்ணே. ஆனால் முள்ளைப் பிடுங்கச் சொல்லி அங்கே ஒரு வரியும் இல்லை. மத்தேயு 13-இல் வேலைக்காரர்கள் களையைப் பிடுங்கக் கிளம்பும்போது எஜமான் தடுக்கிறார், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் நான் கண்டதும் அதுதான். பயத்தில் வசனம் ஒப்பித்த பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனதும் முதலில் விட்டது வேதத்தைத்தான். பவுல் சொன்னாரே, "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று. கற்றுக்கொடுக்கிறேன், ஜெபிக்கிறேன். சபைக்குப் போனாயா என்று வாராவாரம் கணக்குக் கேட்க மாட்டேன்.

நாஞ்சில் வயல்காரர்:
மத்தேயு 13-இல் களை என்பது மனுஷர், டீச்சர். பொல்லாங்கனுடைய புத்திரர் என்று இயேசுவே சொல்கிறார். பிள்ளையைச் சுற்றியிருக்கும் கவலைக்கும் மயக்கத்துக்கும் அதைப் பொருத்தக் கூடாது. எபேசியர் 6:4 பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்கிறது, சரி. அதே வசனம்தான் கர்த்தருடைய சிட்சையிலும் போதனையிலும் வளர்க்கவும் சொல்கிறது. என் மகள் எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை ராத்திரி அவளைக் கூப்பிட்டு, நாளைக்கு ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்பேன். நீர் பாய்ச்ச ஆள் வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன பவுலே சாட்சி.