அப்டேட் முடிந்ததும் லேப்டாப்பில் வைஃபையே காணோம், ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணுமா?

வெள்ளைக்காக்கா:
எல்லோருக்கும் வணக்கம். லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுகிறது. ராத்திரி அப்டேட் கேட்டது, சரி ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் டாஸ்க்பாரில் வைஃபை குறி இருந்த இடத்தில் வெறும் உலக உருண்டை. அதை அமுக்கினால் ஏரோப்ளேன் மோட் இருக்கிறது, ப்ளூடூத் இருக்கிறது, வைஃபை பட்டன் மட்டும் மாயம். ரவுட்டரில் குறை இல்லை, போன் அதே வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதைத் திறந்தால் வைஃபை கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம், உள்ளே போனால் கருவியைத் தொடங்க முடியவில்லை, கோட் 10 என்று வருகிறது. பழைய டிரைவருக்கு (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) திரும்பிப் போகும் ரோல் பேக் டிரைவர் பட்டன் மங்கிப்போய் அமுக்கவே முடியவில்லை. ட்ரபிள்ஷூட்டர் சுற்றிச் சுற்றி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மெலிசான மாடல், லேன் போர்ட்டும் கிடையாது. தெரிந்தவர் ஒருவர் "பேசாமல் ஃபார்மேட் பண்ணிடு" என்கிறார். வேறு வழி இருக்கிறதா? வேலை அப்படியே நிற்கிறது.

பழைய_கீபோர்டு:
ஃபார்மேட் பக்கமே போகாதீர்கள். எதற்கெடுத்தாலும் ஃபார்மேட் என்று சொல்பவர்கள் திரும்ப எல்லாவற்றையும் இன்ஸ்டால் பண்ணித் தர வருவதில்லை.

முதலில் கார்டுக்குப் போகும் கரண்டை முழுசாகத் துண்டித்துப் பாருங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு, அது ஆனில் இருந்தால் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் தன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போகிறது, மறுநாள் அதே நிலையோடு எழுந்து வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் புதிதாக ஏறும், ஆனால் அதில் கார்டுக்குக் கரண்ட் நிற்காது. அதனால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை ஒரு 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரைச் செருகி ஆன் பண்ணுங்கள். கார்டுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர் எங்கேயாவது சிக்கி நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். நிறையப் பேருக்குக் கோட் 10 இப்படியே போயிருக்கிறது.

சும்மா_எட்டிப்பார்த்தவர்:
செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் என்று இருக்கும், அதை ஒரு தட்டு தட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

நடுநிசி_டெக்:
மேலே சொன்ன நெட்வொர்க் ரீசெட்டை இப்போது தொடாதீர்கள். அது எல்லா அடாப்டரையும் கழற்றித் திரும்ப மாட்டும், சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டிவரும். இத்தனையும் செய்துவிட்டு அதே கோளாறான டிரைவரையே திரும்பப் போட்டால் என்ன பயன்? கார்டு கிளம்பி, நெட்வொர்க்கும் கனெக்ட் ஆகி, அதற்கப்புறமும் இன்டர்நெட் வரவில்லை என்றால்தான் அதற்கு வேலை.

உங்கள் பிரச்சினை அதற்கு முந்தைய படியிலேயே நிற்கிறது, கார்டே கிளம்பவில்லை. ப்ளூடூத் வேலை செய்கிறது என்றீர்களே, அது நல்ல சேதி. பெரும்பாலான லேப்டாப்பில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில்தான் இருக்கும், எனவே கார்டு எரிந்துபோயிருக்க வாய்ப்பு குறைவு. டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் காரியம், போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போன் செட்டிங்ஸில் ஆன் பண்ணுங்கள். இதற்கு லேப்டாப்பின் வைஃபை தேவையில்லை, நெட் வந்துவிடும், வேலையும் நிற்காது.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் மேல் ரைட் கிளிக், அப்டேட் டிரைவர். தானாகத் தேடு என்பதை விட்டுவிட்டு, என் கம்ப்யூட்டரில் தேடு என்ற இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பக்கத்தின் அடியில், இருக்கும் டிரைவர் பட்டியலிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி இருக்கும். அதை அமுக்கினால் ஒரே பெயரில் இரண்டு மூன்று டிரைவர் வரிசையாக நிற்கும், வித்தியாசம் வெர்ஷன் எண்ணில்தான். எண் குறைவாக இருப்பதை எடுத்துப் போடுங்கள். ரோல் பேக் பட்டன் மங்கிக் கிடந்தாலும் பழைய டிரைவர் டிஸ்கில் இருக்கலாம், இந்தப் பட்டியலில் அது தலைகாட்டும்.

பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா? லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் நம்பரைப் போட்டு வைஃபை டிரைவரை இறக்குங்கள். கண்ட டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேரையும் போடாதீர்கள், அதற்கு இந்தக் கோட் 10 எவ்வளவோ மேல். இன்னொன்று, அன்இன்ஸ்டால் பண்ணும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கு என்று ஒரு பெட்டி வரும். கையில் வேறு டிரைவர் இல்லாமல் அதில் டிக் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளைக்காக்கா:
ரொம்ப நன்றி. டெதரிங்கில்தான் இதை எழுதுகிறேன். 30 விநாடி வைத்தியம் பார்த்ததும் மஞ்சள் முக்கோணம் போய் வைஃபை வந்துவிட்டது, ஆனால் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி, மறுபடி கோட் 10.

நடுநிசி_டெக்:
தூங்கி எழும்போது மட்டும் போகிறது என்றால் புதிய டிரைவருக்குக் கார்டை எழுப்பத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய டிரைவரைப் போடுங்கள். கூடவே கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற டேப் இருந்தால், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லா மாடலிலும் அந்த டேப் இருக்காது, இல்லையென்றால் விடுங்கள்.

வெள்ளைக்காக்கா:
பட்டியலில் இரண்டு டிரைவர் இருந்தன, பழையதைப் போட்டேன். மூடித் திறந்து பார்த்தேன், வைஃபை நிற்கிறது. பவர் மேனேஜ்மென்ட் டேப் எனக்கு இல்லை. ஆனால் அடுத்த அப்டேட்டில் அதே டிரைவர் திரும்ப ஏறிவிடாதா?

பழைய_கீபோர்டு:
ஏறலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் (Pause) என்று இருக்கிறது, 5 வாரம் வரை தள்ளிப்போடலாம், அதற்குள் பெரும்பாலும் திருத்திய டிரைவர் வந்துவிடும். உங்களுடையது ப்ரோ எடிஷன் என்றால் விண்டோஸ் எப்படி நடக்க வேண்டும் என்று விதிகள் அமைக்கும் க்ரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர் வர வேண்டாம் என்று சொல்லிவைக்கலாம், ஹோம் எடிஷனில் அந்த வசதி இல்லை. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை அப்டேட் ஓடுவதற்கு முன்னால் இப்போது ஓடும் டிரைவரின் வெர்ஷன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி சொதப்பினால் பட்டியலில் எதை எடுப்பது என்று தேட வேண்டியதில்லை.

சும்மா_எட்டிப்பார்த்தவர்:
இடையில் ஒரு சந்தேகம். எனக்கு வீட்டு வைஃபை ஓடுகிறது, காலேஜ் வைஃபை மட்டும் அப்டேட்டுக்கு அப்புறம் கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது. இதற்கும் டிரைவர்தானா?

நடுநிசி_டெக்:
அநேகமாக இல்லை. காலேஜ், ஆபீஸ் வைஃபையில் யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்கும் 802.1எக்ஸ் முறை இருக்கும், வீட்டு வைஃபையில் அது கிடையாது. 2023 டிசம்பரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டில் இதே மாதிரி கல்லூரி நெட்வொர்க்குகளில் கனெக்ட் ஆகாமல் போய், மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. நீங்கள் முதலில் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் பண்ணிவிட்டுத் திரும்பச் சேருங்கள், சான்றிதழை நம்பலாமா என்று கேட்டால் காலேஜ் ஐடி பிரிவு சொல்லும் பெயரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அப்டேட் ஹிஸ்டரியில் போய்க் கடைசி அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணிச் சோதியுங்கள். அப்போது கனெக்ட் ஆனால் அந்த அப்டேட்டின் கேபி எண்ணை (ஹிஸ்டரியில் அதன் பெயரோடு KB என்று தொடங்கும் எண்) இங்கே போடுங்கள்.