அவசரம் மக்களே, என் மானிட்டர் பல்லிக்கு தலை ஒரு பக்கமா சாயுது

வணக்கம், நான் பெரம்பூர்ல இருக்கேன், என்கிட்ட 3 வயசு சவானா மானிட்டர் (உடும்பு இனத்து பெரிய பல்லி) இருக்கான். நம்ம ஊர் உடும்பு இல்ல, அத வளக்கவே கூடாது, இவன் ஆப்பிரிக்க வகை, அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணதுதான்.

நேத்து காலைலேர்ந்து தலை இடது பக்கம் சாஞ்சே இருக்கு, பூச்சிய இடுக்கில காட்டுனா பாயுறான் ஆனா ரெண்டு விரக்கடை தள்ளி வெறும் காத்த கடிக்கிறான், பின்னங்கால் விரலெல்லாம் துடிக்குது, மல்லாந்துட்டா தானா திரும்ப முடியல, பாக்கவே முடியலங்க.

ரெண்டு மாசமா ஃப்ரீசர் மீன்தான் அதிகம் குடுத்தேன். சில மீன்ல இருக்குற தயமினேஸ்ங்கற நொதி நரம்புக்குத் தேவையான பி1 வைட்டமின அழிச்சிடும்னு இப்பதான் தெரிஞ்சுது, மனசே கேக்கல. உடம்புல கால்சியம் சேர உதவுற யூவிபி (புற ஊதாக்கதிர்) பல்பும் வாங்கி ஒரு வருஷம் தாண்டிடுச்சு, எரிஞ்சாலும் யூவிபி கொறஞ்சிருக்கும், அதனால கால்சியம் பிரச்சனையா, இல்ல காதுல இன்ஃபெக்‌ஷனா?

இப்போதைக்கு ஏறுற கட்டை, தண்ணி தொட்டி எல்லாம் எடுத்துட்டு துணி விரிச்சு சூடு கொறையாம வச்சிருக்கேன், வாயில எதையும் திணிக்கல, வீடியோ எடுத்துட்டேன். பக்கத்து கிளினிக்ல நாய் பூனை மட்டும்தான்னுட்டாங்க. காலைல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு தூக்கிட்டு போறேன்.

சென்னைல ஊர்வன பாக்குற டாக்டர் யாராவது தெரியுமா? ரத்தத்துல கால்சியம், எக்ஸ்ரே தவிர வேற என்ன டெஸ்ட் கேக்கணும்? இப்படி வந்து மீண்டவன வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க, ராத்திரி முழுக்க முழிச்சிதான் இருப்பேன்.