ஆக்சில் பிரீதரை உயர்த்துவது மலை வண்டிக்குத் தேவையா, வெட்டிச் செலவா?

பந்தலூர்_540
என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை, ஒரு தரைப்பாலம். தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் இரண்டிலும் ஆக்சில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இந்த முறை பின் கிரவுன் (பின் ஆக்சிலின் நடுவே பல்சக்கரம் இருக்கும் பகுதி) ஆயிலை இறக்கினால் பால் ஊற்றிய டீ மாதிரி வருகிறது. ஒரு மெக்கானிக் பிரீதரில், அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று போய்வரும் துளையில், ட்யூப் மாட்டி மேலே ஏற்றிவிடச் சொல்கிறார். இன்னொருவர் அது ரேஸ் ஓட்டுகிறவர்களின் பந்தா என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

குன்னூர்_ஸ்பேனர்
ட்யூப் போடுங்கள். ஏற்றம் ஏறி வந்த வண்டியில் கிரவுன் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். உள்ளே இருந்த காற்று விரிந்து, ஒரு பங்கு பிரீதர் வழியே வெளியேறியிருக்கும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறங்கினால் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) குளிர்ந்து மிச்சக் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப எதையாவது இழுத்தாக வேண்டும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீலைத் தாண்டி இழுக்கும். அந்த சீல் ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கச் செய்தது, வெளித்தண்ணீரைத் தடுப்பது அதன் முதல் வேலை அல்ல.

80 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் சுருங்கும். ஹவுசிங்கில் ஆயில் போக 3 லிட்டர் காற்று இருக்கிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீருக்கு இடம்.

கூடலூர்_சீனியர்
ஸ்பேனர் தம்பி, கணக்கு சரி, கடிகாரத்தை விட்டுவிட்டீர்கள். ஓடையைக் கடக்க அரை நிமிடம் ஆகுமா? அதற்குள் அத்தனை இரும்பும் ஆயிலும் 25 டிகிரிக்கு வந்துவிடாது. உங்கள் அரை லிட்டர் உள்ளே போக வண்டி தண்ணீரிலேயே நிற்க வேண்டும். பந்தலூர்க்காரரே, வண்டியை எங்கே வைத்துக் கழுவுகிறீர்கள்?

பந்தலூர்_540
அந்த ஓடையில்தான் அண்ணா. இங்கே எல்லோரும் அப்படித்தான்.

கூடலூர்_சீனியர்
அப்படிச் சொல்லுங்கள். லோடு ஏற்றி மலை ஏறி வந்த சூட்டோடு ஓடைக்குள் நிறுத்தி, பாட்டுப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தேய்த்தால் கிரவுன் குடிக்கத்தான் செய்யும். இதற்கு எதற்கு ட்யூப்? கரையில் நிறுத்தி வாளியில் மொண்டு ஊற்றுங்கள். கசிகிற ஆயில் ஓடையில் கலந்து கீழே இருக்கிறவன் குடிக்கிற தண்ணீருக்குப் போவதும் நிற்கும்.

கோத்தகிரி_லோடு
இரண்டு பேரும் தண்ணீரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் காய்கறி லோடு அடிக்கிறவன், ஓடையில் இறங்குவதே இல்லை. என் பயம் சேறு. பிரீதர் மூடி ஆக்சிலின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். செம்மண் சேறு அதில் அப்பி, வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் சீல் வழியே பீறிடும். பினியன் பக்கம் (கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு கிரவுனில் சேரும் இடம்) என்றால் தரையில் சொட்டும், பார்த்துவிடலாம். வீல் பக்கம் என்றால் பிரேக் டிரம்முக்குள் போய், உரசி வண்டியை நிறுத்தும் லைனரை நனைக்கும், வெளியே தெரியாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு. நனைந்த லைனரோடு அதில் இறங்கிப் பாருங்கள். பிரீதரை மேலே ஏற்றினால் அதன் வாயில் சேறு படாது. எனக்கு அதுவே போதும்.

கூடலூர்_சீனியர்
இதை மறுக்கவில்லை. ஆனால் கிரீஸ் அடிக்கும்போது அந்த மூடியைக் கையால் சுற்றிப் பார்த்து, கம்பி பிரஷ்ஷால் துடைத்தால் காசு செலவே இல்லை. கல்லாகும் வரை விட்டுவிட்டு ட்யூப்பைத் தேடுவானேன்? ட்யூப் மட்டும் அடைக்காதா? வாய் திறந்து விட்ட ட்யூப்பில் குளவி மண் வைத்து அடைத்ததை எங்கள் ஷெட்டிலேயே எடுத்திருக்கிறோம். மூடி அடைத்தால் குனிந்தால் தெரியும். பாடிக்குள் ஒளித்து வைத்த ட்யூப் அடைத்தால் சீல் போன பிறகுதான் தெரியும்.

குன்னூர்_ஸ்பேனர்
குளவிக்குப் பயந்தால் சின்ன ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். பைக் பெட்ரோல் ஃபில்டரே போதும். நீங்கள் எடுத்த ட்யூப்பை யாரோ அரைகுறையாகப் போட்டிருக்கிறார்கள், அதை வைத்து முறையையே குறை சொல்லக் கூடாது. ஆயில் தாங்கும் ட்யூப் வேண்டும். மீன் தொட்டி ட்யூப் சூட்டில் இளகி மடங்கிவிடும். வழி முழுக்க ஏறுமுகமாகப் போக வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே ஆயில் தேங்கி அதுவே மூடியாகிவிடும். சைலன்ஸர் பக்கம் போகக் கூடாது. பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்க்கிற கிட்டும் விற்கிறது. பார்க்க அழகு, ஆனால் அந்த ஒரு வாய் அடைத்தால் எல்லாம் அடைத்தது போலத்தான். தனித்தனியாக விடுங்கள்.

மசினகுடி_வாசி
எனக்கு வேறு வருத்தம். ட்யூப் மாட்டியவுடன் வண்டிக்குத் துடுப்பு முளைத்துவிட்டது என்று நினைக்கிறவர்களைப் பார்க்கிறேன். புது மஹிந்திரா தார் ஜீப்புக்குக் கம்பெனி சொல்லும் நீர் ஆழம் 650 மி.மீ. அது நிற்கிற தண்ணீருக்குத்தான் பொருந்தும். தரைப்பாலத்தில் இரண்டடித் தண்ணீர் வேகமாக ஓடினால் ஜீப்பையே தள்ளிக்கொண்டு போகும், பிரீதர் எங்கே இருந்தால் என்ன? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் வண்டியை இந்தக் கரையிலேயே விட வேண்டும். காட்டு ஓடைகளில் இறங்கி வீடியோ எடுப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை போதாது.

குன்னூர்_ஸ்பேனர்
அண்ணே, அவர் கேட்டது வெள்ளத்தைப் பற்றி அல்ல. 540 டயரில் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 36 செ.மீ. தான். முழங்கால் அளவுத் தண்ணீருக்கே பிரீதர் முங்கிவிடும். அது இங்கே தினசரிப் பாதை.

கூடலூர்_சீனியர்
தினசரிப் பாதை என்றால் பின்னால் மட்டும் போடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முன் ஆக்சிலில் எத்தனை ட்யூப் போட்டாலும் பழைய ஜீப்பில் நக்கிள் சீல் (முன் சக்கரம் திரும்பும் மூட்டில் உள்ள சீல்) தேய்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாக வரும். ட்யூப் போட்ட தைரியத்தில் ஆயிலைப் பார்க்காமல் விடுவதுதான் நான் சொல்கிற ஆபத்து.

பந்தலூர்_540
சரி, பின்னால் மட்டும் போடுகிறேன். டெயில் லேம்ப் பக்கம் ஏற்றிவிடலாமா? எவ்வளவு நீளம் வாங்குவது?

குன்னூர்_ஸ்பேனர்
டெயில் லேம்ப் பக்கம் நல்ல இடம். சேஸியை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரம் இரண்டும் தொங்கும் நிலையில் அளந்து வாங்குங்கள். தரையில் நிற்கும்போது அளந்தால் முதல் பள்ளத்திலேயே ட்யூப் பிடுங்கிக்கொள்ளும்.

கூடலூர்_சீனியர்
அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயிலை ஒருமுறை மாற்றினால் போகாது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, மறுபடி இறக்குங்கள். பேரிங்கில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் சீலை மாற்றாதீர்கள். அப்புறம் மழைக்காலத்தில் இரவு நிறுத்திய வண்டியில் காலையில் கிளப்பும் முன் டிரெயின் பிளக்கை (ஆயிலை இறக்கும் அடி மூடியை) லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கியிருக்கும், முதல் சொட்டாக அதுதான் வரும்.