டிரைவர் இல்லாத பஸ்ஸில் ஏறியவர்கள் கை தூக்குங்க

பொங்கோல்வாசி, சிங்கப்பூர்:

தலையில் சட்டி கவிழ்த்த மாதிரி லேசர் கருவி வைத்த, தானாக ஓடும் வண்டிகள் எங்கள் பேட்டையில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. இது போதாதென்று, 2026-இல் 191, 400 ஆகிய பஸ் தடங்களிலும் தானாக ஓடும் மின்சாரப் பஸ்களைச் சோதித்துப் பார்க்கப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "என்னை மட்டும் அதில ஏத்திவிட்டுடாதே" என்று இப்போதே சொல்லிவிட்டார். இந்த மாதிரிச் சின்ன ஷட்டில் பஸ்ஸில் ஏறியவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். விளம்பர வீடியோ வேண்டாம், நிறையப் பார்த்தாயிற்று.

பழைய ஸ்டியரிங், சிங்கப்பூர்:

கை தூக்குகிறேன். பதினாறு வருஷம் டபுள் டெக்கர் ஓட்டிவிட்டு, அப்புறம் ஒரு வளாகத்துக்குள் நடந்த ஷட்டில் சோதனையில் சேஃப்டி ஆப்பரேட்டராக, அதாவது வண்டி தடுமாறினால் கை கொடுக்கும் ஆளாக, இருந்தேன். எந்த வளாகம், யாருடைய வண்டி என்பதெல்லாம் வேண்டாம். என்னை டிரைவர் என்று சொல்லக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

அந்த வண்டியில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் பெடல் கிடையாது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றும் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே முகம். என் கையில் கொடுத்தது வீடியோ கேம் ரிமோட் மாதிரி ஒன்று. சுவரில் சிவப்பாக ஓர் அவசரப் பொத்தான். முதல் வாரம் முழுக்க, எவனாவது குறுக்கே வந்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, "அங்கிள், கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பலரும் நினைப்பது போல அது ரோட்டைப் பார்த்துப் பார்த்து யோசித்து ஓட்டவில்லை. முதலில் நாங்கள் தடத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டுவோம். அது லேசரால் கட்டடம், தூண், மரம் எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடமாக வைத்துக்கொள்ளும். பிறகு கண்ணுக்குத் தெரியாத தண்டவாளம் போட்ட மாதிரி அதே கோட்டில்தான் போகும். கோட்டில் ஏதாவது இருந்தால் நின்றுவிடும், சுற்றிப் போகத் தெரியாது. தினமும் பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டு வேன் ஒன்று சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும். நான் ரிமோட்டை எடுத்து வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி கோட்டில் விடவேண்டும். கை வைத்த ஒவ்வொரு தடவையும் இடம், நேரம், காரணம் என்று டேப்லெட்டில் பதிய வேண்டும்.

காரணங்களில் நான் அதிகமாக எழுதியது என்ன தெரியுமா? புல். மழை வாரங்களில் ஓரத்துப் புல் ஒரு சாண் வளர்ந்து ரோட்டுப் பக்கம் சாய்ந்தால் போதும், வண்டிக்கு அது யாரோ காலை நீட்டியது போல. புல் வெட்டும் தம்பி புதுக்கோட்டைக்காரர். "அண்ணே, நான் புல்லு வெட்டல, உங்க வண்டிக்குச் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பார். மழை வலுத்தால் அந்த வேலையும் இல்லை. துளிகளையே தடை என்று எடுத்துக்கொண்டு வண்டி நின்று நின்று போகும். அப்புறம் சேவையையே நிறுத்திவிடுவோம். ஏசி வேறு பேட்டரியைக் குடித்துவிடும்.

ஒரு தடவை மைனா ஒன்று சடாரென்று முன்னால் இறங்க, வண்டி சடன் பிரேக் போட்டது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். பஸ்ஸில் டிரைவர் பிரேக்கில் கால் வைக்கும்போதே வண்டி லேசாக முன்னால் சாயும், நம் உடம்பு தயாராகிவிடும். இதில் அந்த முன்னறிவிப்பே இல்லை. ஒரு சீனப் பாட்டி கம்பியைப் பிடித்துத் தப்பித்தார். அவர் பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு கதவு வரைக்கும் போயின. பொறுக்கிக் கொடுத்துவிட்டு "பறவை" என்று பதிந்தேன்.

ஓஹையோவிலிருந்து ஒருவன்:

பிரேக் பற்றிச் சொன்னீர்களே, அது சின்ன விஷயமில்லை. 2020 பிப்ரவரியில் எங்கள் கொலம்பஸ் நகரத்து லின்டன் பகுதியில் இப்படித்தான் ஒரு ஷட்டில் திடீரென்று நின்று, உட்கார்ந்திருந்த பயணி கீழே விழுந்தார். வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர் சொச்சம்தான். உடனே 10 மாநிலங்களில் ஓடிக்கொண்டிருந்த அதே ரக வண்டிகள் 16-இலும் ஆள் ஏற்றக்கூடாது என்று மத்திய சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லிவிட்டது.

லாஸ் வேகாஸ் கதை இதற்கு நேர்மாறு. 2017 நவம்பர் 8, பொதுமக்களை ஏற்றத் தொடங்கிய முதல் நாள். லாரி ஒன்று ரிவர்ஸில் வருகிறது. ஷட்டில் சமர்த்தாக நின்றுவிட்டது. நின்றபடியே இருந்தது, லாரி வந்து உரசியது. மனிதன் என்றால் ஹாரன் அடித்திருப்பான், கொஞ்சம் பின்னால் எடுத்திருப்பான். உள்ளே சேஃப்டி ஆப்பரேட்டர் இருந்தார், ஆனால் ரிமோட் அவர் கைக்கு உடனே எட்டும்படி வைக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

வடகடல், ஓஸ்லோ:

இங்கே 2019 மே மாதம் ஆகர்ஷுஸ் கோட்டைக்குக் கீழே, கடற்கரையோரமாக இப்படி ஒரு பஸ் விட்டார்கள். அந்தக் கோடையில் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றார். அவருக்கு முழங்கால் வருத்தம், சரி, நடக்காமல் போகலாம் என்று ஏறினோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாய் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசியில் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

சைக்கிள்காரர் வெட்டிப் போகிறபோதெல்லாம் நிற்பதும், பிறகு மெல்ல அசைவதுமாக இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது பஸ் இல்லைப் பிள்ளை, தேர்" என்றார். பிறகு நின்றுகொண்டிருந்த இளைஞனைக் காட்டி, "அவர்தான் சறுக்குக்கட்டை வைக்கிற ஆள்" என்றார். நல்லூர்த் தேரை எத்தனை பேர் வடம் பிடித்து இழுத்தாலும், சில்லுக்கு அடியில் கட்டை வைக்கிறவருடைய கண்ணில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. நான் அதை அந்தப் பையனுக்கு நோர்வேஜிய மொழியில் சொல்ல முயன்று தோற்றுப்போனேன். தேரை விளக்குவதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது. அந்த பஸ்ஸிலேயே!

ஸ்கார்பரோ மாமா, டொராண்டோ:

ஏறிய அனுபவம் இல்லை, காத்திருந்த அனுபவம்தான். வெஸ்ட் ரூஜ் பக்கத்திலிருந்து ரூஜ் ஹில் ரயில் நிலையத்துக்கு இப்படி ஒரு ஷட்டில் வருவதாக இருந்தது. 2021 டிசம்பரில், பக்கத்து விட்பியில் ஓடிய அதே கம்பெனி வண்டி மரத்தில் மோதி, உள்ளே பணியில் இருந்தவருக்குப் படுகாயம். அப்போது வண்டி தானாக ஓடவில்லை, கையால் இயக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் "டிரைவர் இல்லாத பஸ் மோதியது" என்றுதான் ஊரில் எல்லோரும் பேசினார்கள். அடுத்த மாதமே வண்டியைச் செய்த கம்பெனி மூடப்பட்டது, எங்கள் ஷட்டிலும் ரத்து. பனிக்காலத்தில் ஸ்டேஷனுக்கு இன்னமும் மகன்தான் கொண்டுபோய் விடுகிறான், முணுமுணுத்துக்கொண்டே.

ஓய்வுபெற்ற விசில், சென்னை:

நான் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். ஒரு சந்தேகம். எங்கள் வண்டியில் விசில்தான் எல்லாம். ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். ஆனால் விசில் அடிக்காமல் இருப்பதும் ஒரு வேலை. தூரத்தில் ஒரு அம்மா கூடையோடு ஓடி வருவார். டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் இதை யார் செய்வார்கள்? கதவு மூடிவிட்டால் மூடியதுதானா?

பழைய ஸ்டியரிங், சிங்கப்பூர்:

அண்ணே, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கதவிடுக்கில் ஆள் இருந்தால் வண்டிக்குத் தெரியும். இருபதடி தள்ளி ஓடி வருபவர் அதற்கு வெறும் நகரும் பொருள். அவருக்கு இந்த பஸ்தான் வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான்தான் புறப்படும் பொத்தானை அமுக்காமல் நிற்பேன். அதை டேப்லெட்டில் பதிய ஒரு காரணமே கொடுக்கவில்லை. "மற்றவை" என்று போடுவேன். மாதக் கடைசியில், மற்றவை ஏன் இவ்வளவு என்று ஓர் எஞ்சினியர் கேட்டார். விளக்கினேன். தலையாட்டினார், எழுதிக்கொண்டாரா தெரியாது.

அந்த எஞ்சினியர்களைக் குறை சொல்லவில்லை. இங்கே சும்மா ரோட்டில் விட்டுவிட மாட்டார்கள். தானாக ஓடும் வண்டிகளைச் சோதிக்க 2017-இல் திறந்த செட்ரான் மையத்தின் ஓட்டப் பாதையில், செயற்கை மழைகூடப் பெய்யவிட்டுப் பழக்குகிறார்கள். எம்1 என்ற முதல் கட்டச் சோதனையில் தேறினால்தான் பொதுச் சாலை. 2013-இல் நன்யாங் பல்கலைக்கழகப் பக்கம் எட்டுப் பேர் ஏறும் வண்டியை விட்டார்கள். 2019-இல் அதே பல்கலைக்கழகம் 12 மீட்டர் நீள முழு பஸ்ஸையே காட்டியது. வளர்ச்சி நிஜம். அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்காரும் வரை கம்பியை விடக்கூடாது, அது போதும்.

பொங்கோல்வாசி, சிங்கப்பூர்:

சொல்லிவிட்டேன். "கம்பியப் பிடிக்கிறதுக்கு நான் இங்க சாதா பஸ்லயே போயிக்கிறேன்" என்றார்.

நேற்று சாயங்காலம் மகளோடு ஸீப்ரா கிராஸிங்கில் நின்றோம். அந்தச் சட்டித்தலை வண்டி ஒன்று வந்து, நல்ல தூரத்திலேயே நின்று வழிவிட்டது. மகள் வழக்கம்போல நன்றி சொல்லக் கையாட்டினாள். யாருக்கு ஆட்டுகிறாள் என்று எனக்கே குழப்பம். டிரைவர் சீட்டில் இருந்த சேஃப்டி ஆப்பரேட்டர் சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

பழைய ஸ்டியரிங், சிங்கப்பூர்:

கையை எடுத்திருக்கக் கூடாது. நான் இருந்தாலும் எடுத்திருப்பேன். "மற்றவை."