புதுப்பிப்பு: பெர்த் வேலையா, பிடிஓ வீடா? முடிவு எடுத்தாச்சு

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இரண்டு வருட ஒப்பந்த வேலை வந்திருக்கிறது, நிச்சயமான பெண்ணோடு இங்கே சிங்கப்பூரில் பிடிஓ வீட்டுக்கும் (விண்ணப்பம் வாங்கிய பிறகு அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடு) விண்ணப்பிக்க வேண்டும், தேவசித்தத்தை எப்படி அறிவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பைபிளில் வரும் கிதியோனைப் போல கடவுளிடம் அடையாளம் கேள் என்றவர்கள்தான் அதிகம். எனக்கு அது ஒத்துவரவில்லை. வந்த குறுஞ்செய்தி எல்லாமே அடையாளமாகத் தெரிந்தது.

கைகொடுத்தது, புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வழியை எழுதிய அக்காவின் யோசனை. முன்பின் தெரியாத ஒருவன் இதே கேள்வியோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வாய்? (நான் மெதடிஸ்ட், அவர் கத்தோலிக்கர். அதனால் என்ன!) கோப்பிக்கடையில் உட்கார்ந்து அந்த ஆளுக்குக் கடிதமே எழுதினேன். "சம்பளம் கிடக்கட்டும், அவளையும் உட்காரவைத்துக் கணக்குப் பார்" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

அப்புறம், லூக்கா 14:28ஐ (கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார் என்ற வசனம்) நினைவூட்டிய அண்ணன் சொன்னபடி இருவரும் வீட்டு விதிகளைப் படித்தோம். எதிர்பாராதது இங்கேதான். குறைந்தது 5 ஆண்டு குடியிருக்க வேண்டும், நல்ல இடங்களில் வரும் பிளஸ், பிரைம் வகை என்றால் 10. ஆனால் அது சாவி வாங்கிய பிறகுதான் தொடங்கும், கட்டி முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஆக, பெர்த்தும் வீடும் மோதவே இல்லை. இரண்டும் என்றே முடிவு செய்தோம்.

இடையில் விசா வேலையில் சலித்து, பெர்த்தே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. மனம் சோர்ந்திருக்கும்போது எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதுதான், மாற்றவில்லை.

வீட்டுக்கு விண்ணப்பம் போட்டாச்சு. வீடு தேர்ந்தெடுப்பதற்கான வரிசை எண் இன்னும் வரவில்லை.